நாலு எண்ணும் வரை

கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால்
எந்தக் குடும்பமும் தலைகீழ்தான்.
லோவீசா வீட்டாரும் அன்று
தேய்த்த கண்ணாடியில் வௌவால்களாய்த் தொங்கினார்கள்.
மேலே சேறு, கீழே வானம்.

கௌஹாவா சமவெளி. செப்டம்பர் கடைசி.
ரை அறுத்த தாள்கள் காலணியைக் கீறின.
கட்டை வண்டியில் பெட்டியும் முக்காலியும்
உடையாமல் வந்து சேர்ந்த பதினொரு தகடுகளும்.

வேலை உடுப்பிலேயே நில்லுங்கள் என்றேன்,
கையில் வைக்கோல் வாரி இருக்கட்டும்,
நகரத்தில் இப்போது அதைத்தான் கேட்கிறார்கள்,
உள்ளது உள்ளபடி.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
"வேலை செய்யும்போது நாங்கள் நிற்பதில்லை."
உள்ளே போனவள்
கோயிலுக்குப் போகும் கறுப்பில் திரும்பி வந்தாள்,
கழுத்துவரை பித்தான் பூட்டி.

பிறகு நான் முக்கோணம் கட்டினேன்.
உச்சியில் தாய், இடப்புறம் ஹெர்மன்னி,
வலப்புறம் சனெல்மா, மடியில் சின்னவன் ஈசாக்கி,
பின்னால் சமநிலைக்கு ஒரு குதிரை.
நல்ல கட்டமைப்பு என்று
துணிக்குள்ளிருந்தே என்னை நான் மெச்சிக்கொண்டேன்.

அவள் கட்டியது வேறு.
சனெல்மாவை அரை அடி நகர்த்தினாள்,
முதுகுக்குப் பின்னால் காகிதம் ஒட்டிய சன்னல் மறைந்தது.
குதிரை, அடுத்த பண்ணையில் இரவல்.
ஹெர்மன்னியின் காலில் இருந்தவையும்தான்,
இரண்டும் இடது காலுக்கு உரியவை.
இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

மேகம் மூடிய வெளிச்சம்.
நாலு எண்ணும் வரை அசையக் கூடாது.
ஒன்று. இரண்டு.
மூன்றில் குதிரை வாலைச் சுழற்றியது,
ஈசாக்கி திரும்பிப் பார்த்துவிட்டான்.
தகட்டில் அவனுக்கு இரண்டு முகம்,
வால் இருந்த இடத்தில் புகை.
மற்றவர்கள் ஆணி அடித்தாற்போல் நின்றார்கள்.

படம் கடல் தாண்டிப் போனது,
மிச்சிகனில், செம்புச் சுரங்கத்தில்,
நாலு வருடமாய் இருட்டைத் தோண்டும் தானெலிக்கு.
பூமிக்குள் வேலை செய்பவனுக்குக்
கண் மங்கிப் போயிருக்கும் என்று
நாங்கள் இருவருமே நினைத்திருக்கிறோம்.

பிப்ரவரியில் பதில் வந்தது.
பனிச்சறுக்கு வண்டியில் எட்டு மைல் வந்து
அதை எனக்குப் படித்துக் காட்டினாள்,
குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

குதிரையின் நெற்றியில் வெள்ளைப் புள்ளி, அது யாருடையது?
சனெல்மா ஏன் சன்னலை ஒட்டி நிற்கிறாள்?
தொழுவத்துக் கதவு திறந்திருக்கிறது,
உள்ளே பழுப்புப் பசு தெரியவில்லை.
விற்றாயா, செத்ததா?
பையனின் இடது காலணி இரண்டையும் பார்த்தேன்.
பன்னிரண்டு டாலர் இத்துடன்.

எங்களைக் கையும் களவுமாகப் பிடித்திருந்தது
ஓர் உள்ளங்கை அகலக் காகிதம்.
முகங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
அல்லது எல்லாமே முகங்களைப் பற்றித்தானோ,
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"பெட்டியைக் கிட்டத்தில் வை," என்றாள்,
"எங்களைத் தவிர எதுவும் விழாத அளவுக்கு."

பனி உருகியதும் போனேன்.
கொடியில் சாம்பல் நிறக் கம்பளியைத் தொங்கவிட்டோம்.
நாலு முகங்கள், பின்னால் ஒன்றுமில்லை.
எந்த ஊர், எந்த வருடம், எத்தனை ஏக்கர்
எதுவும் சொல்லாத படம்.
நான் எடுத்தவற்றில் கூர்மையானது அதுதான்.
ஈசாக்கிகூட மூச்சை அடக்கி ஒரே முகமாக இருந்தான்.

நாலு எண்ணி மூடியைப் போட்டேன்.
காற்று எப்போது வந்ததென்று தெரியாது.
இரவு விளக்கில் தகட்டைக் கழுவியபோது
கம்பளியின் ஒரு மூலை தூக்கியிருந்தது,
அந்தச் சின்ன இடைவெளியில்
ஒரு கோழியின் இரண்டு கால்கள்.

வெட்டிவிடவா என்று கேட்டேன்.
லோவீசா தகட்டைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள்.
பல் தெரிய அவள் சிரித்து நான் பார்த்தது
அந்த ஒரு தடவைதான்,
அதற்கு என்னிடம் தகடு மிச்சமில்லை.

"இருக்கட்டும்," என்றாள்.
"அது நம் கோழி.
எண்ணிக்கொள்ளட்டும்."